வெட்டுப்படாத எக்ஸ்

காசிமேட்டில் மீன் விற்கும் அறுபது வயது அம்மாவின் ரத்தத்தை இருபது வயது மாணவியின் ரத்தத்தோடு ஒப்பிடக் கூடாது. எக்ஸ் முடக்கத்தை அளக்க வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது இதுதான்.

பெண்ணின் செல் ஒவ்வொன்றிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று கருவிலேயே முடங்குகிறது. மேரி லயன் 1961-லேயே சொன்னது. எது முடங்கும் என்பது செல்லுக்குச் செல் வேறு, மொத்தத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 80:20-ஐத் தாண்டினால் சாய்வு என்கிறோம். வயது ஏற ஏற ரத்தத்தில் அது தானாகவே கூடும். சாய்வுக்கும் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம்.

அதனால் நோயாளியோடு துணைக்கு வரும் அதே வயதுப் பெண்களிடம் சம்மதம் வாங்கி ரத்தம் எடுக்கலாம். தங்கை ஆகாது. "நாத்தனார்தாம்மா" என்றதும் உடனே ஊசியைக் கையில் எடுத்துவிடவும் கூடாது. "சொந்தத்துலயா கட்டிக்கிட்டாங்க?" என்று கேட்க வேண்டும். அத்தை மகனைக் கட்டியிருந்தால் நாத்தனாரும் ரத்த சொந்தம்தான்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் 2 மில்லி போதும். ஹெப்பாரின் குழாயில் வந்தால், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் படுத்துவிடும். டிஎன்ஏவை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் டிஎன்ஏவை வெட்டும் ஹெச்பிஏ-2 என்சைம் சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்கிறோம். பிறகு 80 டிகிரியில் 20 நிமிடம் வைத்து என்சைமை அடக்க வேண்டும். மெத்தில் என்ற வேதிக் குறி ஒட்டாத இடத்தை மட்டுமே அந்த என்சைம் வெட்டும்; நாங்கள் பார்க்கும் இடத்தில் முடங்கிய எக்ஸில் அது ஒட்டியிருக்கும், இயங்குவதில் இருக்காது. இயங்கும் எக்ஸ் அறுபடும், முடங்கியது தப்பும். தப்பியதை எக்ஸில் உள்ள ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் தொடரின் நீளத்தை வைத்து இனம் காண்கிறோம். இரண்டு எக்ஸிலும் நீளம் ஒன்றாகவே இருந்தால் அந்தச் சாம்பிளை விட்டுவிட வேண்டியதுதான். குட்டை நீளம் பிசிஆரில் கூடுதலாகப் பெருகும்; வெட்டாத குழாயின் விகிதத்தால் வகுத்துச் சரிசெய்கிறோம்.

ஏமாற்றுவது அரைகுறை வெட்டு. இயங்கும் எக்ஸும் பெருகிவிட, 90:10 பார்வைக்கு 60:40 ஆகிவிடும். டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு எக்ஸின் பட்டையும் அழகாக, பளிச்சென்று நிற்கும், சந்தேகமே வராது. அதற்காகத்தான் ஒரு ஆண் ரத்தமும் கூடவே ஓட வேண்டும். அவருக்கு இருப்பது ஒரே எக்ஸ், அதுவும் இயங்குவது. வெட்டிய பிறகு எதுவுமே தெரியக் கூடாது. லேசாகப் பட்டை விழுந்தாலும் அன்றைய முடிவு முழுவதும் குப்பைக்கு. பெரும்பாலும் டிஎன்ஏவில் உப்போ ஆல்கஹாலோ தங்கியிருக்கும், இல்லையென்றால் மே மாத வெயிலில் என்சைம் மேஜைமேல் கிடந்திருக்கும்.

"அம்மாவுக்குச் சாய்வுன்னா எனக்கும் கேன்சர் வருமாக்கா?" என்று மகள்கள் கேட்பார்கள். இது ரத்தத்தின் கணக்கு, மார்பில் வேறாக இருக்கலாம் என்று சொல்கிறோம். இந்த எண்ணை எவர் சீட்டிலும் எழுதுவதில்லை. மேமோகிராம் எடுக்கும் வயது வந்தவர்களுக்கு அதற்கான தேதியைத்தான் எழுதித் தருகிறோம்.