கல்யாணக் கொட்டகையில் லிண்டி ஹாப்

2026 ஜனவரி 23, இரவு

பல்லவன் ரயிலில் வந்து காரைக்குடியில் இறங்கி, வேன் பிடித்துக் கானாடுகாத்தான் வந்து சேர்வதற்குள் நள்ளிரவு ஆகிவிட்டது. சென்னையில் வாராவாரம் ஸ்விங் ஆடும் கூட்டம் நாங்கள். ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் அமெரிக்க ஆட்டம் அது, லிண்டி ஹாப் அதில் ஒரு வகை. குடியரசு தின விடுமுறைக்கு எங்காவது போய்ப் பகலில் ஊர் சுற்றுவது, ராத்திரி ஆடுவது என்று பேச்சு வந்தபோது ஆளாளுக்கு ஒரு பெரிய நகரத்தைச் சொன்னார்கள். எங்கள் ஊர் வீட்டுக்குள் இருக்கும் பெரிய கூடம், கல்யாணக் கொட்டகை, சும்மாதானே கிடக்கிறது என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். தை மாதத்தில் மூன்று நாள் காலியாகக் கிடைத்ததே பெரிய விஷயம். பங்காளிகளிடம் கேட்க வேண்டியதை எல்லாம் அப்பத்தா பார்த்துக்கொண்டார்.

இப்போது தூக்கம்.

ஜனவரி 24

காலையில் வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட நண்பர் எத்தனை சாப்பிட்டார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்.

நேராக ஆத்தங்குடி. பெரிய வீட்டில் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு சீக்கிரமே வெளியே வந்தவர்கள், தரைக்கல் வார்க்கும் பட்டறையில் நகர மறுத்துவிட்டார்கள். ஆடுகிறவர்களுக்குத் தரைமேல்தான் கண். பட்டறை அண்ணன் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ வடிவ அச்சை வைக்கிறார். ஒவ்வொரு இதழுக்குள்ளும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சைத் தூக்கும் நொடியில் கை துளி நடுங்கினாலும் சிவப்பு பச்சையில் இறங்கிவிடும். நடுங்கவில்லை. மேலே மணலும் சிமென்ட்டும் கலந்த பொடியைத் தூவி, அப்புறம் ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டுகிறார். சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் கல் தயார். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் மேல் பக்கம், அதனால்தான் அந்த மினுமினுப்பு.

மத்தியானம் காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு, 1941இல் கட்டியது. தெருவில் நின்று ஜன்னலை எண்ண ஆரம்பித்தவர்கள் வெயில் தாங்காமல் பாதியில் விட்டுவிட்டார்கள்.

ராத்திரிதான் வேடிக்கை. விருந்தாளிகள் வருகிறார்களே என்று, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஆத்தங்குடிக் கல் பதித்த கொட்டகைத் தரை முழுக்கத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். முகம் பார்க்கலாம் போல இருந்தது. துணையைக் கைநீளத்துக்கு வீசி அனுப்பும் ஸ்விங் அவுட் அசைவு, அதில் முதலாவதிலேயே பெங்களூர் நண்பர் தூண் வரைக்கும் சறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஷூக்களின் அடியில் சொரசொரப்பான மென்தோல் ஒட்டியிருக்கும். அது எண்ணெயைக் குடித்துவிட்டால் அவ்வளவுதான். அப்பத்தா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "கூறு இருக்கா உங்களுக்கு? சீயக்காயத் தூவித் துடைங்கப்பா" என்றார். துடைத்தோம். ஒன்பதரைக்குத் தரை ஆடத் தோதாகிவிட்டது, கொட்டகை முழுக்க எண்ணெய்க் குளியல் வாசனை.

ஜனவரி 25

பிள்ளையார்பட்டியில் நல்ல கூட்டம். குடைவரைக்குள் பெரிய பிள்ளையாரைக் கும்பிட்டு வந்ததோடு சரி.

சாயங்காலம் அப்பத்தா என்னை உட்காரவைத்து விசாரித்தார். இது எந்த ஊர் ஆட்டம், யார் ஆடினது? நியூயார்க்கில் ஹார்லெம் என்று கறுப்பின மக்கள் வாழும் பகுதி, அங்கே 1926இல் சவாய் பால்ரூம் என்று ஒரு கூடம் திறந்தார்கள், லிண்டி ஹாப் அங்கேதான் வளர்ந்தது என்றேன். அந்தக் காலத்தில் அதே ஹார்லெமில் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் மேடையில் கறுப்பர்கள் ஆடுவார்கள், பார்க்க வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும். சவாயில் அந்தப் பேதம் இருக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே தரை. "அப்ப நம்ம வீடு கட்டின காலம்" என்றார். உண்மைதான். ரங்கூன் பணத்தில் இந்தக் கொட்டகை எழும்பியதும் அந்த 1920களில்தான்.

ஃபிராங்கி மேனிங் கதையையும் சொன்னேன். 1930களில் சவாயின் பெரிய ஆட்டக்காரர். துணையைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றும் அசைவுகளை இந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்விங் மவுசு குறைந்ததும் தபால் துறையில் வேலைக்குப் போய்விட்டார். 1980களில் இளைஞர்கள் அவரைத் தேடிப் பிடித்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். 2009இல் இறக்கும்வரை உலகம் சுற்றிச் சொல்லிக்கொடுத்தார். அப்பத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தபாலாபீசுல பென்ஷன் குடுத்தாகளா?" என்றார்.

"யாரு கூப்பிட்டாலும் ஆடணுமா?"

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடலாம் அப்பத்தா. ஒரு பாட்டோ ரெண்டு பாட்டோ ஆடிட்டு அடுத்த ஆளோட ஆடுவோம்."

"அது நல்லது."

இன்றைக்கு ஆட்டம் நன்றாக வந்தது. கொட்டகை, பந்தி போடுகிற நீளம். ஸ்விங் அவுட்டில் துணையை விரித்து அனுப்பத் தாராளமாக இடம். ஆனால் கல் கல்தான். சவாயில் இருந்தது சுருள்வில் பொருத்திய மரத்தளம், இறங்குகிற காலைத் திருப்பித் தூக்கிவிடுமாம். இங்கே ஒவ்வொரு குதியும் முழங்காலில் வந்து நிற்கிறது. அதனால் நிமிடத்துக்கு 200 பீட்டுக்கு (தாளத் தட்டுக்கு) மேல் போகும் வேகமான பாட்டுகளை ஒதுக்கிவிட்டோம். தூக்கிச் சுழற்றுவது கூடவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நிதானமான பாட்டுகளில்தான் சறுக்கிச் சறுக்கி அழகு காட்ட முடிந்தது. அதற்கு இந்தக் கல்லை அடித்துக்கொள்ள மரத்தளத்தால் முடியாது, எவன் வந்து சொன்னாலும் சரி. நான்கு பீட் தாளத்தில் எங்கள் கைதட்டல் இரண்டிலும் நான்கிலும், அப்பத்தாவின் கைதட்டல் ஒன்றிலும் மூன்றிலும். யாரும் திருத்தவில்லை.

ஜனவரி 26

பாதிப்பேருக்கு முழங்கால் வலி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நொண்டிக்கொண்டே ஏறி இறங்கினோம். கிராமபோன் ஒன்றுக்கு ஆசைப்பட்டு, சொன்ன விலையைக் கேட்டுவிட்டு எனாமல் தூக்குச்சட்டியோடு திரும்பினார் ஒருவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கவுணி அரிசி இனிப்பு. கருப்பாக இருக்கிறதே என்று முதலில் தயங்கியவர்கள்தான் இரண்டாம் தடவை கேட்டார்கள்.

இன்றைக்கு ஆட்டம் அரை மணி நேரத்தோடு முடிந்தது. நாளை விடிவதற்கு முன்பே பல்லவனைப் பிடிக்க வேண்டும். மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்த வீட்டு அண்ணன் வந்தார். மகன் கல்யாண வரவேற்புக்கு நாங்கள் வந்து ஆட வேண்டுமாம், வண்டிச் சத்தமும் சாப்பாடும் அவர் பொறுப்பாம். மரப்பலகை போட்டு மேடை கட்டித் தருவதாக இருந்தால் வருகிறோம் என்றேன். பந்தல்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.