மாற்றம் எதுவும் இல்லை

கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நான் சேர்ந்தபோது, சர்வர் பாதுகாப்பு ஒரு கோடு போட்ட நோட்டில் இருந்தது. சீனியர் அண்ணன் தினமும் காலையில் டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினொரு உபுண்டு சர்வர்களுக்குள் ஒவ்வொன்றாக நுழைவார். நேற்று யார் யார் லாகின் செய்தார்கள், லாகின் முயற்சிகள் பதிவாகும் ஆத் லாகில் எத்தனை கடவுச்சொல் தோற்றிருக்கிறது, வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்களான போர்ட்களில் எதெது திறந்திருக்கிறது, முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கைப் போல யூஐடி (கணக்கு எண்) 0 உள்ள வேறு கணக்கு ஏதும் முளைத்திருக்கிறதா, எந்த வாசலில் யாரை விடலாம் என்னும் ஃபயர்வால் விதிகள் என்ன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். முக்கால் மணி நேர வேலை.

அது என் கைக்கு வந்த இரண்டாவது வாரமே அலுத்துவிட்டது. ஏழாவது சர்வருக்கு வரும்போது கண் மட்டும்தான் பார்க்கும், டிக் தானாக விழும். இந்தக் கட்டளைகளையெல்லாம் வரிசையாக ஓட்டும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொரு சர்வரிலும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில், ரூட்டின் பெயரில் காலை 6.30க்குப் போட்டேன்.

முதலில் எல்லா விவரமும் ஒரே மெயிலில் வந்தது. தூரத்திலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச்சின் 22ஆம் போர்ட்டை இணையத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கும் சர்வரை யாராவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று பெயரை மாற்றி மாற்றி. அந்த வரிகளே ஆயிரக்கணக்கில். நான்காம் நாள் மெயிலைத் திறக்காமலே ஒதுக்கினேன். அதனால் ஸ்கிரிப்ட்டை மாற்றினேன்: நேற்றைய விவரத்தைக் கோப்பில் வைத்திருந்து, இன்றையதோடு ‘டிஃப்’ கட்டளையால் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் சொல்லும். லாகின் முயற்சிகளுக்கு எண்ணிக்கை போதும். மற்றபடி ஒரே வரி: ‘மாற்றம் எதுவும் இல்லை’.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முயற்சிகள் ஏறக்குறைய பூஜ்யம். ஹேக்கர்களுக்கும் லீவு என்று சிரித்தோம். காரணம் வேறு. அந்தக் கால உபுண்டுவில் தினசரி கிரான் வேலைகள் 6.25க்கு ஓடும், வாரம் ஒருமுறை லாக்ரொட்டேட் பழைய ஆத் லாகை ஓரங்கட்டிவிட்டுப் புதியதைத் திறப்பதும் அதில்தான். ஐந்து நிமிடம் கழித்துப் போன என் ஸ்கிரிப்ட் அந்த ஐந்து நிமிடச் சேதியைத்தான் எண்ணிக் கொடுத்திருக்கிறது. இதைத் திருத்தினேன். ஸ்கிரிப்ட்டில் வேறு எங்கே இப்படி இருக்கிறது என்று தேட அப்போது தோன்றவில்லை.

நான்கு மாதம் போனது. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று டேட்டாபேஸ் சர்வருக்குள் போன அண்ணன், பழக்கதோஷத்தில் ஃபயர்வால் விதிகளைக் காட்டும் ‘யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்’ அடித்திருக்கிறார்.

“தம்பி, இங்க வாங்க. 3306 என்னங்க ஊருக்கே தொறந்து கெடக்குது?”

அது எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லின் போர்ட். ஒரே ஒரு அப்ளிகேஷன் சர்வருக்கு மட்டும் திறந்திருக்க வேண்டியது. யாரோ வீட்டிலிருந்து வேலை பார்க்க “ஒரு நாளைக்கு மட்டும்” திறந்துவிட்டு மறந்திருக்கிறார்கள். உள்ளே யாரும் வந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

என்னை உலுக்கியது ஸ்கிரிப்ட்தான். டெர்மினலில் ஓட்டினால் ஃபயர்வால் விதிகள் அழகாக வந்தன. கிரானில் வரவில்லை. கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்று கிரான் தன் வேலைகளுக்குக் கொடுக்கும் பட்டியல், அதாவது பாத், மிகக் குட்டையானது. யூஎஃப்டபிள்யூ இருக்கும் யூஎஸ்ஆர் எஸ்பின் ஃபோல்டர் அதில் கிடையாது. ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்று கிரான் தினமும் கத்தத்தான் செய்திருக்கும். மெயில் சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாப் பிழைச்செய்தியையும், போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தேன் நான். ஆக, நேற்றும் வெற்றுக் கோப்பு, இன்றும் வெற்றுக் கோப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று டிஃப் சொன்னது. பொய் சொல்லவில்லை. நோட்டில் நான் தூங்கிக்கொண்டே போட்ட டிக்கை, அதைவிட ஒழுங்காக, ஒரு நாளும் லீவு எடுக்காமல் போட்டுக்கொண்டிருந்தது.

கட்டளைகளுக்கு முழு பாத் கொடுத்தேன். எந்தப் பகுதியாவது காலியாக வந்தால் அதுவே அபாயம் என்று மெயில் தலைப்பிலேயே கத்த வைத்தேன். மெயிலே வராவிட்டால் ஏழு மணிக்கு இன்னொரு மெஷின் எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பும்.

இதையெல்லாம்விட உதவியது ஒரு திருட்டு வேலை. மாதம் ஒருநாள் சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல், டெஸ்ட் சர்வரில் தேவையில்லாத ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மறுநாள் மெயிலில் அது வந்தாக வேண்டும். இரண்டு முறை வரவில்லை.

அண்ணன் இன்றும் திங்கட்கிழமைகளில் ஏதோ ஒரு சர்வரைப் பிடித்துக் கையால் அடித்துப் பார்க்கிறார். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்க லினக்ஸில் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் மென்பொருள் நூலகத்துக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்த பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டுபிடித்த செய்தியை அவரிடம் காட்டினேன். எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்ற உறுத்தலில் தோண்டப்போய்க் கிடைத்தது அது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அரை நொடியா? நமக்கு நாலு மாசமாச்சுங்களே தம்பி.”