இரண்டு வருஷத்துக்குள் கிளம்பினால்

“அக்கா, இது வேணாம்னா அப்புறம் எடுத்துக்கலாம்ல?”

“எடுத்துக்கலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள கிளம்பினா.”

இவ்வளவுதான். நான் வேலை பார்க்கும் இங்கிலாந்துப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், சம்பளத்தில் பிடிக்கும் பென்ஷன் பணத்தைப் பற்றிக் கேட்டது. இதற்கு முன்னும் பின்னும் நிறையப் பேசினோம். ஆனால் திரும்பத் திரும்ப எனக்குள் ஓடுவது இந்த இரண்டு வரிதான். என் பதிலுக்கு இரண்டு பாதி. அவர் காதில் முதல் பாதி மட்டும் விழுந்திருக்கிறது. அல்லது இரண்டும் விழுந்து, இரண்டாவது பாதி அன்றைக்கு அவருக்குத் தேவைப்படாமல் இருந்திருக்கும். புதிதாக வந்திறங்கிய ஒருவருக்கு இரண்டு வருடம் கழித்து நடக்கப்போவதெல்லாம் ஒரு கவலையா?

2023-ல்தான் இங்கிலாந்து இந்திய ஆசிரியர்களுக்கும் நேரடியாக க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதியைக் கொடுக்கத் தொடங்கியது. அந்த அலையில் வந்தவர் அவர். கணக்கு ஆசிரியர். விசா இழுத்ததால் செப்டம்பரில் சேர வேண்டியவர் அக்டோபர் முதல் வாரத்தில்தான் சேர்ந்தார். இந்த ஒரு மாதத் தாமதம் பின்னால் எப்படி வந்து நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

முதல் முழுச் சம்பளம் நவம்பரில் வந்தது. கணக்குத் துறை அறையில் நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். போனை என் முன்னால் வைத்தார். மேலே 2,500 பவுண்டு. கீழே நேஷனல் இன்சூரன்ஸ், அதாவது அரசின் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம், 174. அதற்கும் கீழே டீச்சர்ஸ் பென்ஷன் 185. டாக்ஸ் என்று போட்ட இடத்துக்கு எதிரே சைபர்.

சைபரைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். அதை உடனே கெடுக்க வேண்டியிருந்தது. இங்கே வரி வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. 1257எல் என்ற டாக்ஸ் கோட் இருந்தால் வருடத்துக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை. அந்த விலக்கு மாதக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இவருக்கு இந்த நாட்டில் சம்பளமே கிடையாது, அதனால் பயன்படுத்தாத விலக்கு மொத்தமும் சேர்ந்து கிடந்தது. அது தீர பிப்ரவரி, மார்ச் ஆகும். அப்புறம் மாதம் 250 பவுண்டு அளவில் வரி ஆரம்பிக்கும். இதைச் சொன்னதும், “அப்ப இந்த 185-ஐயாவது நிறுத்திடலாமா?” என்றார்.

கேள்வியில் தப்பே இல்லை. அந்த மாதம் பிடித்ததிலேயே பெரிய தொகை அதுதான். அதோடு, கேட்டுக்கொண்டு நிறுத்தக்கூடிய ஒரே பிடித்தமும் அதுதான். விசாவுக்காக வாங்கிய கடன் ஊரில் இருந்தது. அரசு மருத்துவ வசதிக்காக விசாவோடு வாங்கும் ஹெல்த் சர்சார்ஜ் என்று மூன்று வருடத்துக்கு 1,872 பவுண்டை விமானம் ஏறுவதற்கு முன்பே கட்டியாகிவிட்டது. அப்புறமும் நேஷனல் இன்சூரன்ஸ் எதற்கு என்று அவர் கேட்டார், அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. இயற்பியலும் மொழியும் கற்பிக்க வந்தவர்களுக்கு அரசு கொடுத்த 10,000 பவுண்டு இடமாற்றத் தொகையும் கணக்குக்குக் கிடையாது. இப்படிப்பட்டவர் 185 பவுண்டைப் பார்த்தால் ஓய்வுக்காலமா தெரியும்? ஒரு மாதத் தவணைதான் தெரியும்.

நான் பேனாவை எடுத்தேன். கணக்கு வாத்தியார்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் வேறென்ன நடக்கும்.

வருடச் சம்பளத்தில் 57-ல் ஒரு பங்கு, வருடா வருடம் பென்ஷனாகச் சேரும். 30,000 சம்பளத்துக்கு 526 பவுண்டு. விலைவாசியோடு சேர்ந்து அது ஏறும். சாகும்வரை கிடைக்கும், எந்த நாட்டில் இருந்தாலும் அனுப்புவார்கள். வரி தொடங்கிய பிறகு இதை நிறுத்தினால் 185 முழுதாகக் கைக்கு வராது. பென்ஷன் பணத்தைக் கழித்துவிட்டுத்தான் வரி போடுகிறார்கள், ஆகவே நிறுத்தினால் 37 பவுண்டு வரிக்குப் போய் 148-தான் மிஞ்சும். வேலையில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்கு மூன்று மடங்கு சம்பளம், 90,000 பவுண்டு.

“சாகுறதுக்கா அக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் பள்ளியின் பங்கைச் சொன்னேன். அப்போது அது 23.68 சதவீதம், அடுத்த ஏப்ரலில் 28.68 ஆனது. அவருடைய 185-க்கு மேல் பள்ளி மாதாமாதம் 592 பவுண்டு போடுகிறது என்று சொன்னதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். முடிவு அங்கேதான் ஆனது என்று நினைக்கிறேன். இந்த இடம்தான் என்னை மற்றதைவிட அதிகமாக அரிக்கிறது. அந்த 592 பொய் இல்லை. பள்ளி கட்டத்தான் செய்கிறது. ஆனால் அது அவர் பெயரில் ஒரு உண்டியலில் விழுவதில்லை. இது 57-ல் ஒரு பங்கு என்ற வாக்குறுதி. பள்ளி 23 போட்டாலும் 28 போட்டாலும் அவருக்கு வரப்போகும் பென்ஷன் அதே 526-தான். பணத்தைத் திரும்ப வாங்கினாலும் அந்தப் பங்கிலிருந்து பைசா வராது. இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் அந்த எண்ணைச் சொன்னேன், அது எடுபடும் என்பதால். நாம் ஏற்கெனவே முடிவு செய்த விடைக்கே மாணவன் வந்து சேர வேண்டும் என்று நினைத்து உதாரணத்தைப் பொறுக்கும் பழக்கம் ஆசிரியர்களுக்கு உண்டு. எனக்கும் உண்டு.

ஆனால் வேறு யார் அவருக்கு எதைச் சொன்னார்கள்? முதலில் அவர் பேரோலில், அதாவது சம்பளப் பிரிவில்தான் கேட்டிருக்கிறார். அவர்கள் இரண்டு வரி மெயிலில் டீச்சர்ஸ் பென்ஷன் தளத்தின் லிங்க்கை அனுப்பிவிட்டு, எங்களால் ஆலோசனை சொல்ல முடியாது என்று முடித்துவிட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஊழியரைத் திட்டத்திலிருந்து விலகும்படி வேலை கொடுத்தவர் தூண்டுவதை இங்கே சட்டம் தடை செய்கிறது, யாராவது வாயைத் திறந்து வம்பில் மாட்டுவார்களா? அந்தத் தளமோ ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும் மொழியில் எழுதியது. விவரம் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பூட்டு, அதனால் கேள்வி என் மேசைக்கு வந்தது. நானும் லிங்க்கை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும் என்று இன்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

“நீங்க நிறுத்தினீங்களா அக்கா?”

“இல்ல.”

இதுவும் நடந்தது. உண்மையைத்தான் சொன்னேன். என் வீட்டில் இரண்டு சம்பளம், நிரந்தரக் குடியிருப்பு அனுமதியும் கைக்கு வந்துவிட்டது, திரும்பிப் போகும் பேச்சு எங்களுக்குள் நின்று வெகுகாலம் ஆகிறது. இதையெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் விரித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு இளைஞரிடம், இங்கேயே இருப்பீர்களா கிளம்பிவிடுவீர்களா என்று இரண்டாவது மாதத்திலேயே கேட்பதா?

அவர் நிறுத்தவில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் விலகியிருந்தால், திட்டத்தில் சேராத கணக்காக வைத்துச் சம்பளத்தோடு பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அந்த மூன்று மாதமும் போயிற்று. நாங்கள் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. பேசுவதற்கு வேறு ஆயிரம் இருந்தது, ஒன்பதாம் வகுப்பு உட்பட.

போன வருடம் அக்டோபர் கடைசியில், ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன் என்று வந்து சொன்னார். வீட்டுக் காரணம், அதை இங்கே எழுத வேண்டியதில்லை. இங்கே ஆசிரியர்கள் நினைத்த தேதியில் விலக முடியாது என்பது தெரிந்ததுதான். மே 31-க்குள் சொன்னால் ஆகஸ்ட் 31-ல் விலகலாம். அக்டோபர் 31-க்குள் சொன்னால் டிசம்பர் 31. அவருக்கு டிசம்பர் அமைந்தது. அவர் சொல்லச் சொல்ல என் மண்டைக்குள் வேறொரு கணக்கு ஓடியது. 2023 அக்டோபர் முதல் வாரம். 2025 அக்டோபர் கடைசி வாரம். சில வாரங்களுக்கு முன்னால்தான் இரண்டு வருடம் தாண்டியிருக்கிறது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது, கோடு தாண்டியாகிவிட்டதே என்று விட்டுவிட்டேன். கிளம்பிப் போன பிறகு ஜனவரியில் அவரே மெசேஜ் அனுப்பினார்.

“அக்கா, அந்தப் பென்ஷன் காசை எடுக்க ஃபார்ம் எங்க இருக்கு?”

கோடு இதுதான். இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவை என்றால், கட்டிய பணத்தில் வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டால் பணம் உள்ளேயேதான் இருக்கும், பென்ஷனாகத்தான் வெளியே வரும். அவர் வயதுக்காரர்களுக்கு அது 68-ல். முன்கூட்டியே குறைத்து வாங்கலாம் என்றாலும் ஐம்பதுகளின் பின்பாதி வரை காத்திருக்க வேண்டும். அவருக்கு இப்போது 31.

இதை எழுதி அனுப்பினேன். நீண்ட நேரம் கழித்து, “நீங்க எடுத்துக்கலாம்னு சொன்னீங்களே அக்கா” என்று பதில் வந்தது. குற்றம் சாட்டும் தொனி இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. மீதிப் பாதியை நான் எடுத்துக் காட்டவில்லை. அது என் பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அது வேறு ஏதோவாகவும் தெரிகிறது.

கணக்காகப் பார்த்தால் அவருக்கு நஷ்டமே இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியும். கட்டியது ஐயாயிரம் பவுண்டைத் தாண்டும். அதற்கு ஈடாக 68 வயதிலிருந்து ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு பவுண்டுக்கு மேல், இடைப்பட்ட வருடங்களின் விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்து. ஐந்து வருடம் வாங்கினாலே போட்டது வந்துவிடும், அப்புறம் வருவதெல்லாம் லாபம். வெளியே எந்த வங்கியும் இப்படி ஒரு ஒப்பந்தம் போடாது. ஆகஸ்டில் கிளம்பி, வரி போக மிச்சத்தை வாங்கியிருந்தால் இதைவிடக் குறைவுதான். நான் சொன்னது சரி. இந்தத் தீர்ப்பைப் பல தடவை எனக்கே வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

அப்புறம் ஒன்று நினைவுக்கு வரும். அந்த நிரூபணம் முழுவதும், அவர் 68 வரை காத்திருக்கக்கூடியவர் என்ற ஒரு வரியின் மேல் நிற்கிறது. கடன் கொடுத்தவர் காத்திருப்பாரா?

விசித்திரம் என்னவென்றால், கிளம்பிப் போன பிறகு நேஷனல் இன்சூரன்ஸ் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலும் மூவாயிரம் பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது. அரசு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடப் பங்களிப்பு வேண்டும், இவர் இப்போது வைத்திருக்கும் கணக்குக்கு ஒன்றும் வராது. 10 வருடம் இருந்து வாங்கினாலும் இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு அந்தத் தொகை வருடா வருடம் ஏறாது, தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். 2025 ஜூலையில் வர்த்தக உடன்பாடு கையெழுத்தானபோது, இனி இந்தியர்களுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது என்று எல்லோரும் ஃபார்வர்டு செய்தார்கள். அது இந்திய நிறுவனம் குறிப்பிட்ட காலத்துக்கு இங்கே அனுப்பிவைக்கும் ஊழியர்களுக்கான ஏற்பாடு. பள்ளி நேரடியாக வேலைக்கு எடுத்த ஆசிரியருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆக உண்மையிலேயே போன பணம் அதுதான். ஆனால் அதில் யாரும் அவரிடம் ‘வேணுமா, வேணாமா’ என்று கேட்கவில்லை. அதனால் யார் மேலும் வருத்தமில்லை. திரும்பி வரப்போகிற பணத்துக்குத்தான் இத்தனை மெசேஜும், இத்தனை தூக்கக் கேடும். நிறுத்தலாம் என்ற வசதியே இல்லாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இனிமேல் யாருக்கும் இதில் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். அது அதிக நாள் நிற்கவில்லை. போன மாதம் அவரே மறுபடி எழுதினார். அவருடைய மச்சான் ஒருவர், அறிவியல் ஆசிரியர், செப்டம்பரில் இங்கே சேரப்போகிறாராம். மச்சானுக்கு என்ன சொல்லட்டும் அக்கா என்று கேட்டிருந்தார். என்மேல் வருத்தம் இருந்தால் கேட்டிருப்பாரா என்று ஒரு நிம்மதி. வேறு ஆள் தெரியாமல் கேட்கிறாரோ என்று உடனே ஒரு சந்தேகம்.

உட்கார்ந்து நீளமாக எழுதினேன். இந்த முறை இரண்டு வருடக் கோட்டை முதல் வரியிலேயே வைத்தேன். எந்தத் தேதியில் சேர்ந்தால் எந்த ஆகஸ்டில் கிளம்ப வேண்டும் என்று தனியாகக் காட்டினேன். மூன்று மாதத்துக்குள் விலகினால் என்ன, அப்புறம் விலகினால் என்ன, விலகியவர்களையும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பள்ளி தானாகவே மறுபடி சேர்த்துவிடும் என்பது உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். பள்ளியின் 28.68 சதவீதத்தை எழுதவே இல்லை. 57-ல் ஒரு பங்கைக் கடைசியில் போட்டேன்.

“அப்ப நிறுத்திடச் சொல்றீங்களா அக்கா?” என்று பதில் வந்தது.

இல்லை என்று அடித்தேன். அதை அழித்துவிட்டு, அவர் சூழ்நிலையைப் பொறுத்தது என்று அடித்தேன். அதையும் அழித்துவிட்டு டீச்சர்ஸ் பென்ஷன் தளத்தின் லிங்க்கை அனுப்பினேன்.