பினாங்குலேர்ந்து செந்தூலுக்கு பின்பால் மெஷின் கொண்டு வந்தது

ஆயர் ஈத்தாம்ல ஒரு அங்கிள் வீட்டுல வில்லியம்ஸ் கம்பெனியோட ஃபன்ஹவுஸ்னு ஒரு பின்பால் மெஷின் இருந்துச்சு, இரும்புப் பந்த தட்டி ஆடுறது, 1990ல வந்த மெஷின், ஆடுற பலகை மேல ரூடின்னு ஒரு பொம்மைத் தலை கண்ணை உருட்டி நம்மள பாத்தே பேசும் பாருங்க, அதுதான். சின்னப் புள்ளையில ஆடுனது, விட மனசு வரல, வாங்கிட்டேன். வாங்குன பிறகுதான் கேஎல் (கோலாலம்பூர்) செந்தூலுக்கு எப்படி கொண்டு வர்றதுன்னு யோசிக்கவே ஆரம்பிச்சேன். நூறு கிலோவுக்கு மேல கனம், வழி முன்னூத்தி அம்பது கிலோமீட்டர்.

வீடு மாத்துற கம்பெனி ஒன்னுல கேட்டேன், 950 வெள்ளி (ரிங்கிட்), ஏத்தி எறக்க ஆள் கூலி தனி. சரின்னு வேற ஒருத்தர் கிட்ட 500க்கு பேசி முடிச்சேன், மொத நாள் ராத்திரி போன் பண்ணி "இது பியானோ மாதிரி சாமான், 800 ஆகும்"னு சொல்றாரு. எனக்கு அவ்ளோ கோவம். பேசுன வார்த்தைன்னு ஒன்னு இருக்குல்ல.

அப்புறம் பட்டர்வொர்த்ல இருக்குற எங்க மாமாதான் வழி சொன்னாரு. கேஎல்லேர்ந்து பர்னிச்சர் ஏத்திட்டு வந்து புக்கிட் மெர்தாஜாம்ல எறக்குற லோரிங்க திரும்பும்போது வெறும் லோரியாதான் போகும், எண்ணெய் காசும் டோல் காசும் எப்படியும் அவங்களுக்கு செலவுதான், அதனால போற வழியில ஒரு சாமான் கெடைச்சா கொறைச்ச காசுக்கு ஏத்திக்குவாங்க. டிரைவர் அண்ணன் கேட்டது ரெண்டே கேள்வி: எவ்ளோ எடம் புடிக்கும், யாரு தூக்குவா. மெஷின மடிச்சு பின்பக்கம் கீழ வர்ற மாதிரி நிமித்தி நிறுத்துனா ரெண்டரை அடிக்கு மூணு அடி எடம் போதும் அண்ணே, தூக்க நாங்க ரெண்டு பக்கமும் ஆள் வச்சிருக்கோம்னு சொன்னேன். 280 வெள்ளி. ஒரே வார்த்தைதான், கடைசி வரைக்கும் மாறல.

காசு மிச்சமாகுறது இங்கதான், மெஷின நீங்களே ஒழுங்கா கட்டிக் குடுத்துடணும். மொதல்ல முன்னாடி கண்ணாடிய புடிச்சிருக்குற லோக் பார்ங்கிற இரும்புப் பட்டைய கழட்டி கண்ணாடிய உருவி எடுங்க, பலபேர் உள்ளயே விட்டுடுறாங்க, எனக்கு அது புடிக்காது, ஒடைஞ்சா அரிசி மாதிரி தூள் தூளா பலகை பூரா எறங்கிடும். கண்ணாடிய போர்வையில சுத்தி மாமா வேன்லயே வச்சுக்கிட்டேன். அடுத்து பந்து. ஃபன்ஹவுஸ்ல மூணு இரும்புப் பந்து, எனக்கு ரெண்டுதான் கெடைச்சுது. மூணாவது எங்கன்னு அரை மணி நேரம் டார்ச் அடிச்சுத் தேடி, கடைசியில பலகைய தூக்கி லேசா சாய்ச்சப்ப பந்து விழுற மூடி, அந்த ட்ராப் டோருக்குக் கீழேர்ந்து கடகடன்னு உருண்டு வந்துச்சு. அது உள்ளயே இருந்து வழி பூரா குலுங்கியிருந்தா ரூடி மொகம் என்ன ஆகியிருக்கும்! எண்ணிப் பாக்காம மெஷின மூடாதீங்க, தயவுசெஞ்சு.

மெஷின் பின்பக்கம் நிமிந்து நிக்கிற தலைப் பெட்டிக்குள்ள எலக்ட்ரானிக் போர்டுல மூணு ஏஏ பேட்டரி இருக்கும், எடுத்துடுங்க, ஒழுகுனா போர்டு போச்சு. அப்புறம் உள்ள இருக்குற போல்ட்ட கழட்டி பின்னாடி லேட்ச திருப்புனா பெட்டி முன்னாடி மடியும், ஒயர் நசுங்காம பாத்துக்கிட்டே மெதுவா படுக்க வைக்கணும், நடுவுல ஒரு கெட்டிப் போர்வை. நாலு காலு, எட்டு போல்ட், எல்லாம் ஒரு ஜிப் பையில. பிளாஸ்டிக் ரேப்ப மரத்து மேல நேரா சுத்தாதீங்க, போர்வைக்கு மேல சுத்துங்க. சாவி என் பாக்கெட்ல.

தீவுலேர்ந்து அக்கரைக்கு மாமா வேன்லதான், பாலம் பூரா மெஷினுக்குப் பக்கத்துலயே ஒக்காந்து வந்தேன். அங்க லோரி செவுத்தோட நிமித்தி வச்சு ரெண்டு பெல்ட் போட்டாச்சு. மாமாவுக்கு எண்ணெய் காசு 40, போர்வை ரேப் 35, ஆக 355 வெள்ளி.

வெளிநாட்டுலேர்ந்து எடுக்குறவங்க எல்சிஎல்னு சொல்ற, மத்தவங்க சாமானோட பங்கு போட்டு அனுப்புற கண்டெய்னர் பாருங்க, மடிச்சா ஒரு கன மீட்டருக்குள்ள அடங்கும், கட்டுற மரப் பலகைக்கு பூச்சி இல்லாம பதப்படுத்துனதுக்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கணும். அமெரிக்கா மெஷின்னா அந்த ஊரு 120 வோல்ட்டுக்கு செட் பண்ணியிருக்கும், நம்ம 230க்கு டிரான்ஸ்ஃபார்மர் இணைப்ப மாத்தாம சொருகாதீங்க.

செந்தூல்ல எறக்கி காலு மாட்டி அன்னிக்கு ராத்திரி சுவிட்ச் போட்டேன். ரூடி கண்ணு ரெண்டும் ஒரு பக்கமா உருண்டுச்சு, அம்மா சமையல்கட்டுலேர்ந்து எட்டிப் பாத்து "யாருடா அது பேசுறது"ன்னாங்க.