கொட்டான் பின்னும் கூடத்தில்

அமெரிக்காவில் நியூஜெர்சியில் குடியேறிவிட்ட என் ஆச்சியின் (அக்காளை ஆச்சி என்று அழைப்பது எங்கள் நகரத்தார் வீட்டு வழக்கம்) மகள், சென்ற ஆண்டு கல்லூரி விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்தாள். அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் சேர விண்ணப்பிக்க இருந்த அவள், நான் வாரந்தோறும் தொண்டுக்குச் செல்லும் மனநலக் காப்பகத்துக்குத் தன்னையும் அழைத்துப் போகும்படி கேட்டாள். நம் பிள்ளைகளுக்கு நீட் தேர்வில் 720க்கு எத்தனை என்பதே மருத்துவக் கல்லூரிக் கதவைத் திறக்கிறது. அமெரிக்காவிலோ பட்டப்படிப்பையும் எம்கேட் எனும் நுழைவுத் தேர்வையும் கடந்து வரும் மாணவர்களிடம், நோயாளிகளின் அருகில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள், அதில் என்ன கற்றீர்கள் என்றும் கேட்கிறார்கள். ஆம்காஸ் எனப்படும் பொது விண்ணப்பத்தில் இப்படிப்பட்ட செயல்பாடுகள் 15 வரை எழுதலாம். அவற்றுள் தமக்கு மிகவும் பொருளுடையவை என்று மூன்றைக் குறிக்கலாம்.

அவளுக்கு ஓர் ஐயம் இருந்தது. "அம்மான், தாயம் விளையாடுறதையும் கொட்டான் பின்றதையும் கிளினிக்கல் எக்ஸ்பீரியன்ஸ்னு எழுதினா யாரு ஒத்துக்குவா?" என்று கேட்டாள். (கொட்டான் என்பது பனையோலைக் கூடை.) அவளுடைய தோழிகள் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஆம்புலன்சிலும் பணியாற்றுகிறார்கள். மனநல மருத்துவமனையில் தன்னார்வலருக்குக் காயம் கழுவும் வேலையோ ரத்த அழுத்தம் பார்க்கும் வேலையோ கிடைப்பதில்லை. ஆனாலும் அது மருத்துவ அனுபவம்தான் என்றே நான் உறுதியாகச் சொன்னேன். மருத்துவமனை அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்புகளை அடுக்குவது நோயாளியை அறியும் அனுபவம் ஆகாது. மாறாக, மனநோய் பெரும்பாலும் ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ பிடிபடுவதில்லை. பேச்சு, பார்வை, தூக்கம், உடை, நடை ஆகியவற்றைக் கவனித்தே மருத்துவர் நோயை அறிகிறார் என்பதால், அங்கே நோயாளியோடு ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பதே மருத்துவத்தின் மையத்துக்கு அருகில் இருப்பதாகும்.

காப்பகத்தின் நடுக்கூடத்தில் பெண்கள் பனையோலைக் கொட்டான் பின்னுவார்கள். ஓலையை வகிரும் கத்தி அலுவலக அறையில் பூட்டப்பட்டிருக்கும். வகிர்ந்து சாயம் ஏற்றிய ஓலைகளை மட்டுமே எண்ணிக் கொடுப்போம். மனச்சிதைவு நோய்க்கான மாத்திரைகளில் சில, கைகளை விறைக்கச் செய்வதும் நடுங்கச் செய்வதும் உண்டு. அதைப் பாடநூலில் படிப்பதற்கும், நேற்றுவரை மளமளவென்று பின்னிய விரல்கள் இன்று ஓர் ஓலையை மடக்கத் திணறுவதைப் பார்ப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. கத்திரி வெயில் கொளுத்திய மே மாதத்தில் ஒரு நாள், இருமுனைக் கோளாறுக்காக (மிகை எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) லித்தியம் மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஓர் அம்மாளின் கை வழக்கத்தைவிட மிகுதியாக நடுங்குவதையும், எழுந்து நடக்கையில் அவர் தள்ளாடுவதையும், காலையிலிருந்து சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிவிட்டதாக அவர் முணுமுணுத்ததையும் அவள் கவனித்துச் செவிலியரிடம் சொன்னாள். உடலில் நீரும் உப்பும் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறி நஞ்சாகக்கூடும். செவிலியர் உடனே மருத்துவரை அழைத்தார், ரத்தம் எடுக்கப்பட்டது, அந்த வேளை மாத்திரை நிறுத்தப்பட்டது. மாத்திரையின் பெயர்கூட அவளுக்கு அன்று தெரியாது. கவனித்தாள், உரியவரிடம் உடனே சொன்னாள், தானாக எதையும் செய்யவில்லை. ஒரு தன்னார்வலரின் பணி இவ்வளவுதான், இதில் எதுவும் சிறியதன்று.

தானாக எதையும் செய்யாதிருப்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கு ஊசி போடவும் கொடுத்துவிடும் தாராளம் நம் ஊர்ப்பக்கம் சில இடங்களில் இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் இதைப் பற்றித் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. பயிற்சி பெறாத ஒருவர் வேறொரு நாட்டு ஏழை நோயாளியின் உடலில் கற்றுக்கொள்வது அறமாகாது. அது விண்ணப்பத்துக்கும் வலு சேர்க்காது.

அவளுக்கு நான் கற்பித்ததில் கடினமானது, கேள்வி கேட்காதிருப்பது. செட்டிநாட்டில் முகம் தெரியாதவரைச் சந்தித்தால் முதற்கேள்வியே "எந்த ஊரு, எந்தக் கோயிலு?" என்பதுதான். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரத்தார் பிரிவுகளுக்குரிய ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சொல்லிவிட்டால், இன்னார் வீட்டுப் பெண் என்பது இரண்டு தொலைபேசி அழைப்புகளில் தெரிந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் இதே கேள்வியை ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டேன். அவர் அதன்பின் மூன்று வாரங்கள் கூடத்துக்கே வரவில்லை. அவருடைய தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும், அதனாலேயே அவர் இங்கிருப்பது உறவினருக்குத் தெரியாமல் காக்கப்பட்டது என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த மூன்று வாரங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. அவர் ஒப்புதல் இல்லாமல் அவருடைய படத்தை ஊடகங்களுக்குக் கொடுப்பதையும் தடுக்கிறது. எனவே காப்பகத்தில் அவள் கைப்பேசியை வெளியே எடுக்கவே இல்லை. அதே சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வகையிலும் கூடாது என்கிறது. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை என் தலைமுறை மறக்கவில்லை. வெளியார் வந்துபோகாத இடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பதை அறிந்தவர்கள் நாங்கள். ஆகவே விண்ணப்பத்துக்காக வரும் மாணவராக இருந்தாலும், ஒழுங்கோடு வருவாரானால் வரட்டும் என்பதே என் எண்ணம்.

விண்ணப்பத்துக்கான சில வரிகளை அவள் எழுதிக் காட்டியபோது, லித்தியம் நிகழ்ச்சியில் இருந்த ஊர்ப்பெயரையும் வயதையும் நீக்கச் சொன்னேன். எத்தனை பேருக்கு உதவினேன் என்ற வரியை அவளே அடித்துவிட்டு, தன் கண்ணுக்கு முதலில் தென்படாமல் பிறகு தென்பட்டவை எவை என்று எழுதினாள்.

புறப்படும் தேதியை இரண்டு வாரங்களுக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பழகியவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோவது இங்கிருப்பவர்களுக்குப் புதிதன்று. அந்தப் பட்டியலில் தானும் சேரக்கூடாது என்று நினைத்தாள். கடைசி நாளன்று அந்த லித்தியம் அம்மாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஆச்சி மகள் கூடத்துத் தூணருகே வழக்கம்போல ஒரு மணி நேரம் கொட்டான் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மீந்த ஓலைகளை எண்ணிச் செவிலியரிடம் கொடுத்துவிட்டு என்னோடு வந்தாள்.