விண்டோஸ் வழியாக வந்தால் பாடும், தானாக எழுந்தால் ஊமை

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கி லினக்ஸ் போடுபவர்களுக்குப் பழகிய கோளாறு இது: ஹெட்போனில் ஒலி வரும், ஸ்பீக்கர் ஊமை. மிக்ஸரை எவ்வளவு ஏற்றினாலும் பலனில்லை. விண்டோஸுக்குள் போய், அங்கிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வாருங்கள். இப்போது ஸ்பீக்கர் பாடினால் பாதித் துப்பு கிடைத்துவிட்டது. ரீஸ்டார்ட்டில், ஒலியைக் கையாளும் கோடெக் சிப்புக்குப் பெரும்பாலும் மின்சாரம் அறுவதில்லை. விண்டோஸ் டிரைவர் எழுதிய மதிப்புகள் அப்படியே தங்கியிருக்கும். லினக்ஸ் அவற்றை எழுதுவதில்லை.

ரியல்டெக் நிறுவனத்தின் கோடெக் சிப்பில் அந்த மதிப்புகள் அநேகமாக ஹெக்ஸ் (16 அடிமான எண்) 20 என்ற நோடின், அதாவது உள்பகுதியின், கோஎஃப் ரெஜிஸ்டர்களில் (அமைப்பு மதிப்புகள் தங்கும் இடங்கள்) இருக்கும். லினக்ஸின் எஸ்என்டி_எச்டிஏ_கோடெக் (snd_hda_codec) மாட்யூலின் டம்ப்_கோஎஃப் (dump_coef) பாராமீட்டரில் 1 எழுதிவிட்டு, ப்ராக் (/proc) அடியிலுள்ள கோடெக்#0 (codec#0) கோப்பைப் படித்தால் எல்லாம் தெரியும். ஊமையாக இருக்கும்போது ஒரு நகல், பாடும்போது ஒரு நகல் எடுத்து, இரண்டையும் ஒப்பிட டிஃப் போடுங்கள். மாறியதையெல்லாம் அள்ளி எழுதிவிடக் கூடாது. சில வெறும் நிலைகாட்டிகள், படிக்கும்போதெல்லாம் மாறும். கோடெக்குக்கு நேரடிக் கட்டளை (வெர்ப்) அனுப்பும் எச்டிஏ-வெர்ப் (hda-verb) கருவி கொண்டு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஹெக்ஸ் 500 கட்டளை இன்டெக்ஸை (எந்த ரெஜிஸ்டர் என்ற எண்ணை) குறிக்கும், 400 எழுதும், சி00 படிக்கும். பலர் வழுக்குவது இங்கேதான்: ஒருமுறை எழுதியதும் இன்டெக்ஸ் தானாக ஒன்று கூடிவிடும். பதிந்ததா என்று உடனே படித்தால் வருவது பக்கத்து ரெஜிஸ்டர். மறுபடி 500 அனுப்பிவிட்டுப் படிக்க வேண்டும்.

(சிஎஸ்35எல்41 போலத் தனி ஆம்ப் (ஒலிபெருக்கும்) சிப் உள்ள மாடல்களுக்கு இந்த வழி உதவாது, அதற்கு வேறு டிரைவர்.)

சரியான மதிப்பு கிடைத்ததும் பூட் ஸ்கிரிப்டில் செருகிவிட்டுப் போவது ஒப்பேற்றல்தான். ஜூரோங் ஈஸ்ட்டில் மூடிய லேப்டாப்பை பாய லேபாரில் திறந்தால் திரும்பவும் ஊமை. மூடியதும் லேப்டாப் தூங்கப்போகும் சஸ்பெண்டில் கோடெக் எல்லாவற்றையும் மறந்துவிடும். டிரைவரிலேயே ஃபிக்ஸப் (குறிப்பிட்ட மாடலுக்கான திருத்தம்) எழுதுங்கள். ஃபங்ஷன் வகை என்றால் ரெஜிஸ்டர் எழுதும் வேலையை இனிட் (கோடெக்கைத் தயார்செய்யும்) கட்டத்தில் வையுங்கள், அது ரெஸ்யூமிலும் (தூக்கத்திலிருந்து எழும்போதும்) ஓடும். டிரைவர் கோடெக்கை ஆராய்வதற்கு முந்தைய ப்ரீ-ப்ரோப் கட்டத்தில் வைத்தால் ஒரே ஒருமுறைதான். வெர்ப் பட்டியல் வகைக்கு இந்தக் கவலை இல்லை. ஓரிரு பிட் மட்டும் மாற வேண்டுமென்றால் முழு மதிப்பையும் திணிக்காமல் மாஸ்க் போட்டு அந்த பிட்களை மட்டும் மாற்றுங்கள்.

எந்த மாடலுக்கு எந்த ஃபிக்ஸப் என்று டிரைவரில் சொல்லும் குவிர்க் அட்டவணையில் உங்கள் வரி, மாடலை அடையாளம் காட்டும் சப்சிஸ்டம் எண் வரிசைப்படி உட்கார வேண்டும். முதலில் பொருந்தும் வரி மட்டுமே எடுபடும். அதுவரை அந்த மாடலுக்கு வேறொரு ஃபிக்ஸப் ஓடிக்கொண்டிருந்தால் புது வரி அதைத் தள்ளிவிடும். ஸ்பீக்கர் வந்து ஹெட்செட் மைக் போவது இதனால்தான். பழைய ஃபிக்ஸப்பை உங்கள் ஃபிக்ஸப்பின் செயின்_ஐடியில் (அடுத்து ஓட வேண்டிய ஃபிக்ஸப்பைக் குறிக்கும் இடம்) கோத்துவிடுங்கள்.