மனை விற்பனைக்கு சிஆர்எம் மென்பொருள்: எங்கள் பட்டியலை நாங்களே மீட்டெடுத்த அனுபவம்

ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்திய ஒரு சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களையும் விசாரணைகளையும் பதிவு செய்து தொடர உதவும்) மென்பொருளிலிருந்து எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை முழுமையாக வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இப்போதுதான் முடிந்தது. யார் விசாரித்தார்கள், எந்த மனையைப் பார்த்தார்கள், என்ன விலை கேட்டார்கள், யார் அழைத்துவந்தார்கள் என்று எங்கள் ஊழியர்கள் இரவு வரை உட்கார்ந்து பதிவு செய்த விவரங்களை எங்களிடமே திருப்பித் தருவதற்கு அந்த மென்பொருள் நிறுவனம் தனிக் கட்டணம் கேட்டது. அந்த ஆதங்கம் இன்னும் தணியவில்லை. மனை, வீடு விற்பனைத் தொழிலில் இருக்கும் மற்றவர்கள் இதே சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சியைச் சுற்றி மனைப்பிரிவு போட்டு விற்கும் குடும்ப நிறுவனம். அடுக்குமாடி கட்டுவதில்லை, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதலும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் பெற்ற மனைகள் மட்டுமே. 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்கள், பேஸ்புக் விளம்பரம், சாலையோரப் பலகை, புரோக்கர்கள், ஏற்கெனவே மனை வாங்கியவர்களின் உறவினர்கள் எனப் பல பக்கமிருந்தும் வரும் விசாரணைகள், அழைப்பை எடுக்கும் விற்பனைப் பிரதிநிதியின் கைபேசியிலும் அலுவலக மேசையில் கிடக்கும் நோட்டிலும் தங்கிவிடும். ஒரு பிரதிநிதி விலகி வேறொரு புரொமோட்டரிடம் சேர்ந்தபோது, அவர் கையாண்ட வாடிக்கையாளர்கள் அவரது சொந்த சிம் எண்ணுக்கே தொடர்ந்து அழைத்தார்கள். சைட் வரை வந்து பார்த்துவிட்டு, "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று போனவர்களின் எண்கூட எங்களிடம் இல்லை. மென்பொருள் தேடத் தொடங்கியது அதனால்தான்.

தேடலின் முதல் கட்டம் சிரமமில்லாமல் போனது. சோஹோ போன்ற பொதுவான சிஆர்எம்களையும், ரியல் எஸ்டேட்டுக்கென்றே செய்யப்பட்டவற்றையும் இலவசச் சோதனைக் காலத்தில் பார்த்தோம். நம் தொழிலுக்கென்றே செய்தது நமக்குப் பொருந்தும் என்று என் அண்ணன் உறுதியாகச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் பிரதிநிதி, மனைகளுக்கான வசதிகள் எல்லாவற்றையும் சென்னை அலுவலகத்தில் நடக்கும் பயிற்சியில் காட்டுவதாகச் சொன்னார். சைட் விசிட் அதிகம் நடக்கும் சனிக்கிழமையை விட்டுக்கொடுத்து ஊழியர்களுடன் சென்னை போனோம். அங்கே நாள் முழுவதும் திரையில் ஓடியது டவர், தளம், 2பிஎச்கே, கார் பார்க்கிங் என்று அடுக்குமாடிக்கான அமைப்பு. எங்களுக்குத் தேவை மனை எண், சர்வே எண், எந்தத் திசை பார்த்தது, முன்னால் இருப்பது 23 அடி சாலையா 30 அடி சாலையா, கார்னர் மனையா என்பவை. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க, "அடுத்த அப்டேட்டில் வந்துவிடும் சார்" என்ற பதிலே வந்தது. அந்தப் பயணம் முழுக்க வீண். இப்போதெல்லாம் எந்த நிறுவனம் டெமோ காட்ட வந்தாலும், அவர்களுடைய மாதிரித் தரவை மூடிவிட்டு எங்கள் மனைப்பிரிவு ஒன்றின் வரைபடத்தைக் கையில் கொடுத்து, அதை எங்கள் கண்முன்னே ஏற்றிக் காட்டச் சொல்கிறோம்.

அளவு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வாடிக்கையாளர் சென்ட்டில் கேட்பார். விலைப்பட்டியல் சதுர அடியில் இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அந்த மென்பொருள் தசமத்தை விட்டுவிட்டு 435 என்று கணக்கிட்டதால், 5 சென்ட் மனையில் 3 சதுர அடி காணாமல் போனது. ஒப்புதல் வரைபடத்தில் ஓர் அளவும் வாடிக்கையாளருக்குப் போன விலைப்பட்டியலில் வேறோர் அளவும் இருந்தால், பத்திரம் எழுதும் நேரத்தில் எவ்வளவு விளக்கினாலும் சந்தேகம் தீராது. மனை வாங்குபவர் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவருகிறார். அவர் சந்தேகப்படுவது முற்றிலும் நியாயம்.

அடுத்து பெயர். பெரும்பாலான சிஆர்எம்களில் 'லாஸ்ட் நேம்' என்ற கட்டம் கட்டாயம். அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது. நம்மிடம் இருப்பதோ இனிஷியலும் பெயரும்தான். ஊழியர்கள் பெயரை முதல் கட்டத்திலும் இனிஷியலை லாஸ்ட் நேமிலும் இட்டார்கள். தானியங்கி வாழ்த்துச் செய்தியோ லாஸ்ட் நேமை மட்டும் எடுத்து, "டியர் கே" என்று ஊர் முழுக்கப் போனது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அழைத்து, "தம்பி, என் பேரை முழுசா எழுதக்கூட உங்க ஆபீஸ்ல ஆள் இல்லையா?" என்று கேட்டார். அவர் ஏற்கெனவே எங்களிடம் மனை வாங்கியவர். முழுப் பெயரையும் இனிஷியலோடு சேர்த்து லாஸ்ட் நேம் கட்டத்திலேயே இட்டு, முதல் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது. எந்தச் செய்தியையும் முதலில் உங்கள் சொந்த எண்ணுக்கு அனுப்பிப் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

பழைய பட்டியலை ஏற்றும்போதுதான் பெரிய அடி விழுந்தது. விளம்பரத் தளங்களிலிருந்து இறக்கிய சிஎஸ்வி (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும்) கோப்பில் கைபேசி எண்கள் 91 சேர்ந்து 12 இலக்கமாக இருக்கும். அந்தக் கோப்பை எக்செலில் திறந்து, தலைப்புகளை மாற்றிச் சேமித்து அனுப்பும்படி உதவி மையத்தில் சொன்னார்கள். எக்செல் 12 இலக்க எண்ணை 9.19842E+11 என்பதுபோலச் சுருக்கிக் காட்டும். அப்படியே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால், முதல் சில இலக்கங்களைத் தவிர மற்றவை பூஜ்யமாகிவிடும். அதோடு நிற்கவில்லை. ஒரே தொடரில் தொடங்கும் எண்கள் எல்லாம் ஒரே எண்ணாகிவிட்டதால், மென்பொருள் அவற்றை 'டூப்ளிகேட்' என்று எடுத்துக்கொண்டு, ஒருவரோடொருவர் சம்பந்தமே இல்லாதவர்களை ஒரே வாடிக்கையாளராக இணைத்துவிட்டது. உறையூரில் இருப்பவர் கேட்ட விலையும் லால்குடியில் இருப்பவரின் சைட் விசிட் தேதியும் ஒரே பக்கத்தில் கிடந்தன. தமிழில் எழுதியிருந்த பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறியிருந்தன. இறக்கிய மூலக் கோப்புகளை எங்கள் அலுவலகக் கணக்கர் தனி பென்டிரைவில் வைத்திருந்ததால்தான் தப்பித்தோம். இதற்குத் தீர்வு எளிது: கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், எக்செலின் 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே கொண்டுவந்து, எண் இருக்கும் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட வேண்டும், சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இரண்டு வரியை உதவி மையம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

புரோக்கர் விவகாரம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. ஒரே வாடிக்கையாளரை இரண்டு பேர் அழைத்துவந்ததாகச் சொல்வார்கள். கமிஷன் யாருக்கு என்பதில் உறவே முறிந்துபோகும். மென்பொருள் இருந்தால் தேதியும் நேரமும் பேசும் என்று நம்பினோம். ஆனால் அதே எண் இரண்டாம் முறை வேறு வழியாக உள்ளே வந்தபோது, முதலில் அழைத்துவந்தவரின் பெயரை அழித்துவிட்டுப் புதியவரின் பெயரை அது எழுதிக்கொண்டது. பல ஆண்டுகளாக எங்களுடன் இருக்கும் ஒரு புரோக்கர், "என் பேர் எங்கண்ணே போச்சு?" என்று என் அண்ணனிடம் கேட்டபோது, காட்டுவதற்கு எங்களிடம் நோட்டுதான் இருந்தது. நல்ல வேளையாக நோட்டில் எழுதுவதை நாங்கள் நிறுத்தவில்லை. வாங்கும் முன் ஒரே எண்ணை இரண்டு வழிகளில் உள்ளிட்டுப் பாருங்கள். முதலில் அழைத்துவந்தவரின் பெயர் பூட்டப்பட்டு நிற்கிறதா, அதை யார் மாற்றினாலும் வரலாற்றில் பதிவாகிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

வாங்குபவர் பெரும்பாலும் ஒரு குடும்பம் என்பதையும் கவனிக்க வேண்டும். விசாரிப்பது கணவர், கிரயம் மனைவி பெயரில், பணம் அனுப்புவது சிங்கப்பூரில் இருக்கும் மகன் என்றால் மூன்று தொடர்புகளையும் ஒரே மனையோடு இணைக்க முடிய வேண்டும். எங்கள் பழைய மென்பொருள் பத்து இலக்கம் இல்லாத எண்ணை ஏற்கவே இல்லை. சிங்கப்பூர் எண்ணுக்கு எட்டு இலக்கம்தான்.

"மறுநாளே எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பலாம், வாட்ஸ்அப் இலவசம்" என்று விற்பனையின்போது சொன்னதில் எதுவும் உண்மையில்லை. டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் (வணிகச் செய்தி அனுப்புபவர்களைப் பதிவு செய்யும் தளம்) பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் செய்தி வாசகத்துக்கும் தனித்தனியே ஒப்புதல் பெற வேண்டும். பான், ஜிஎஸ்டி ஆவணங்களில் இருக்கும் நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடுகிறது. எங்களுக்கு அப்படித்தான் வந்தது. தொந்தரவு வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவு செய்பவர்கள் தேர்ந்தெடுக்கும் பிரிவுகளில் ரியல் எஸ்டேட் தனிப் பிரிவாகவே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். மென்பொருள் வழியாக அனுப்பும் வாட்ஸ்அப்பில், வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் நாம் விரும்பியபடி பதில் எழுதலாம். அதன் பிறகு முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வாசகத்தைத்தான் அனுப்ப முடியும். அதற்குக் கட்டணமும் உண்டு.

நன்றாக வேலை செய்த ஒரு வசதியையும் சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. டோக்கன் அட்வான்ஸ், அடுத்த தவணை என்று பதிவு செய்துகொண்டே வரும்போது அந்த எல்லையை நெருங்கினால் பழைய மென்பொருளின் திரை சிவப்பாகிவிடும். புதிய மென்பொருளிலும் அதை முதல் நிபந்தனையாக வைத்தோம்.

விலையில் இரண்டு எச்சரிக்கைகள். ஒரு பயனருக்கு மாதம் இவ்வளவு என்று விளம்பரத்தில் இருக்கும். குறைந்தபட்சப் பயனர் எண்ணிக்கையும் ஆண்டு முழுவதற்குமான முன்பணமும் ரசீதில்தான் தெரியும். அடுத்தது ஜிஎஸ்டி. சந்தாவின் மேல் 18 சதவீதம் வரி வரும். நில விற்பனை ஜிஎஸ்டிக்குள் வராது. மேம்படுத்திய மனைக்கும் அதுவே பொருந்தும் என்று 2022ஆம் ஆண்டு சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே மனை மட்டும் விற்பவர்கள் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக (நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) திரும்ப எடுக்க முடியாது. அது முழுச் செலவு என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். மென்பொருள் நிறுவனத்தின் பிரதிநிதி, "வரி உங்களுக்குத் திரும்ப வந்துவிடும் சார்" என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்.

புதுப்பிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்து, முழுத் தரவையும் கேட்டபோது, ஏற்றுமதி வசதி மேல்நிலைத் திட்டத்தில்தான் இருக்கிறது, அதற்கு மாறினால் தரலாம் என்றார்கள். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசினார்; ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சந்தா கட்டும் முன்பே, விலகினால் எங்கள் தரவு முழுவதும் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, கிடைக்கும் என்ற பதிலை எழுத்தில் வாங்கியிருந்தேன். அந்த மின்னஞ்சலை இணைத்து, இது எங்கள் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட விவரம், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குப் பொறுப்பேற்பவர்கள் நாங்கள் என்றும் எழுதினேன். அதன் பிறகு கட்டணப் பேச்சே எழவில்லை, கோப்பு வந்துசேர்ந்தது. அந்த ஒரு பதில் கையில் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைக்கவே கவலையாக இருக்கிறது.

இப்போது வைத்திருப்பது ஒரு பொதுவான சிஆர்எம். மனை எண், திசை, சென்ட் எல்லாவற்றையும் நாங்களே கட்டங்களாகச் சேர்த்துக்கொண்டோம். பணம் கட்டும் முன், இனிஷியல் மட்டும் உள்ள பெயர், வெளிநாட்டு எண், இரண்டு புரோக்கர் பெயர், தமிழில் எழுதிய குறிப்பு என எங்கள் நோட்டிலேயே மிகச் சிக்கலான பக்கத்தை எடுத்து ஏற்றினோம். பிறகு அதே பக்கத்தை வெளியே எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டோம். அலுவலகம் வாங்கித் தந்த சிம்களில் மட்டும்தான் இனி வாடிக்கையாளர் அழைப்பு.

வெளியேறப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஏற்றுமதிக் கோப்பில் பெயர், எண், குறிப்புகள் மட்டுமே வரும். வாடிக்கையாளரிடம் வாங்கி இணைத்து வைத்த ஆதார் நகல், அட்வான்ஸ் ரசீது, பதிவான அழைப்புகள் ஆகியவை அதில் வராது. எங்களுக்கு அவை தனித்தனி இணைய இணைப்புகளாக (லிங்க்) மட்டுமே கிடைத்தன. சந்தா முடிந்த மறுநாள் அந்த இணைப்புகள் திறக்கவில்லை. காலக்கெடுவுக்கு முன்பே ஒவ்வொன்றையும் திறந்து இறக்கி, மனை எண் வாரியாக அடுக்கி வைத்துவிடுங்கள்.